படகு மோட்டாருக்கு எந்த பேட்டரி? எவ்வளவு நேரம் ஓடும்?

வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் கடலூர் முதுநகரில் பேட்டரிப் பட்டறை வைத்திருக்கிறார். இன்வெர்ட்டர், சோலார் வேலைகளோடு, கழிமுகத்தில் ஓடும் சிறு படகுகளின் மின் மோட்டாருக்கும் பேட்டரி கட்டிக் கொடுக்கிறார்.)

*என்னிடம் 14 அடி ஃபைபர் படகு இருக்கிறது. தூண்டில் போட வெள்ளாற்றில் போவேன். 12 வோல்ட், 55 பவுண்டு தள்ளுவிசை கொண்ட ட்ரோலிங் மோட்டார் (சிறு படகை ஓட்டும் மின் மோட்டார்) ஒன்று வாங்கினேன். முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கிறது. 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிதாக வாங்கி வைத்தேன். 150ஐ 50ஆல் வகுத்து, மூன்று மணி நேரம் ஓடும் என்றார் கடைக்காரர். முழு வேகத்தில் ஓட்டினால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் மோட்டார் சோர்ந்துவிடுகிறது. பேட்டரி பழுதா?*
— வாசகர், பரங்கிப்பேட்டை

பேட்டரியில் ஒரு கோளாறும் இல்லை சார். அந்த வகுத்தல் கணக்குதான் படகு மோட்டாருக்குப் பொருந்தாது.

பேட்டரியின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 150 ஏ.ஹெச். என்பதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘சி20’ என்று இருக்கும். 20 மணி நேரத்துக்குப் பரப்பி நிதானமாக எடுத்தால்தான் அந்த 150 கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம். 150ஐ 20ஆல் வகுத்தால் 7.5 ஆம்பியர். ஒரு ஃபேனும் ஒரு எல்.இ.டி. டியூப்லைட்டும் இன்வெர்ட்டரில் ஓடினால் ஏறக்குறைய அவ்வளவுதான் இழுக்கும். உங்கள் மோட்டார் கேட்பது அதைப்போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு.

வேகமாக எடுத்தால் பேட்டரி ஏன் சுருங்குகிறது என்பதை, செத்துப்போன டியூபுலர் ஒன்றை அறுத்துப் பார்த்தால் கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம். பாசிட்டிவ் தட்டு என்று பேர்தானே தவிர அது தட்டாக இருக்காது. விரல் கனத்துக்கும் குறைவான துணிக்குழாய்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் நடுவில் ஓர் ஈயக் குச்சி, அதைச் சுற்றிப் பழுப்பாக ஈய ஆக்சைடு பொடி. கரண்ட் வெளியே போகப் போகப் பொடிக்குள் ஊறியிருக்கும் ஆசிட் செலவாகிறது. வெளியே நிற்கும் ஆசிட் துணியைத் தாண்டி உள்ளே ஊறி வர நேரம் வேண்டும். ஏழு ஆம்பியர் எடுத்தால் அதற்கு அவகாசம் கிடைக்கும். 50 ஆம்பியர் உருவினால், குழாய்க்குள் ஆசிட் நீர்த்து வோல்ட் சரிந்துவிடும். வெளியே நல்ல ஆசிட் மீதி நிற்கும். படுத்துவிட்ட பேட்டரி அரை மணி நேரம் சும்மா கிடந்தால் கொஞ்சம் எழுந்து உட்காருகிறதே, அது இதனால்தான்.

இதற்கு 1897இலேயே பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் ஒரு சூத்திரம் எழுதிவைத்தார். டியூபுலருக்கு அந்தக் கணக்கைப் போட்டால், உங்கள் 150 ஏ.ஹெச். பேட்டரி 50 ஆம்பியரில் சுமார் 100 ஏ.ஹெச். பேட்டரியாகத்தான் நடந்துகொள்ளும். அதாவது முழுசாகக் காலியாக இரண்டு மணி நேரம். உங்களுக்கு ஒன்றே முக்கால் வந்திருக்கிறது என்றால் பேட்டரி நல்ல பேட்டரி என்றே சொல்வேன்.

ஆனால் சார், எனக்குக் கவலையாக இருப்பது அந்த ஒன்றே முக்கால் மணி நேரம்தான். மோட்டார் சோர்கிறவரை ஓட்டுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு தடவையும் பேட்டரியை அடிவரை காலி செய்கிறீர்கள். ஈய-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்காமல் பழகினால் அது பல வருஷம் உழைக்கும். தினமும் அடிவரை எடுத்தால் சீக்கிரமே கிழடாகிவிடும். பாதிதான் எடுப்பது என்று முடிவு செய்தால், முழு வேகத்தில் உங்களுக்கு ஒரு மணி நேரம்தான் கணக்கு. அதே பேட்டரியை 20 ஆம்பியரில் ஓட்டினால் பாதியிலேயே மூன்று மணி நேரம் கிடைக்கும். கடைக்காரர் சொன்ன மூன்று மணி நேரம் பொய்யில்லை, அது நடு வேகத்தில் இருக்கிறது.

கரைக்கு வந்து, மோட்டாரைக் கழற்றி ஒரு மணி நேரம் கழித்து வோல்ட் பாருங்கள். 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 11.8 என்றால் காலி. ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்கிற வோல்ட்டை நம்பாதீர்கள், அது எப்போதும் குறைவாகத்தான் காட்டும். 12.2க்குக் கீழே போயிருந்தால் அன்று ராத்திரியே சார்ஜ் போட்டுவிடுங்கள். காலியாகவே நாள்கணக்கில் கிடந்தால் தட்டில் சல்பேட் இறுகிவிடும், அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் பழைய பேக்கப் வராது. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த தடவை வாங்கும்போது ‘சி10’ என்று போட்ட சோலார் பேட்டரியைக் கேளுங்கள். அதே 150 ஏ.ஹெச். என்றாலும் அது 10 மணி நேரக் கணக்கில் கொடுத்த 150. வேகமாக எடுக்கும் வேலைக்கு சி20 பேட்டரியைவிடக் கொஞ்சம் அதிகம் தாங்கும். எதுவானாலும் ஆசிட்டோடு 50 கிலோவைத் தாண்டும் உயரமான பெட்டி அது. படகின் நடுவில், தரையோடு தரையாக வைத்துப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பின்பலகைப் பக்கம் மோட்டாரும் பேட்டரியும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், காற்று அதைப் பிடித்துத் திருப்பும்.

*நானும் கணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சுண்ணாம்பாற்றில் காற்றடைத்த சிறு படகில் போகிறோம். மோட்டாரில் ஐந்து வேகம் இருக்கிறது. எந்த வேகத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எவ்வளவு தூரம் நம்பிப் போகலாம்?*
— வாசகி, அரியாங்குப்பம்

அம்மா, இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். எத்தனை ஏ.ஹெச். வாங்குவது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் விலை குறைந்த மீட்டர்கள் பல ஏ.சி. மட்டும்தான் அளக்கும்; டி.சி. ஆம்பியர் என்று மீட்டரிலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள். இருவரும் சாப்பாட்டுக் கூடையோடு படகில் ஏறி, காற்று இல்லாத காலை நேரத்தில், பாசிட்டிவ் கேபிளை மீட்டரின் வாய்க்குள் விட்டு ஒவ்வொரு வேகத்திலும் ஒரு நிமிஷம் ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பதும், தண்ணீருக்கு வெளியே சுழல விடுவதும் கணக்கில் சேராது. அந்தக் காகிதத்தைப் பேட்டரிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஆயுசுக்கும் உதவும்.

என்னிடம் வந்த ஐந்து வேக, 55 பவுண்டு மோட்டார் ஒன்றில் முதல் வேகம் 13 ஆம்பியர், மூன்றாவது 22, நான்காவது 30, ஐந்தாவது 49 காட்டியது. நான்கிலிருந்து ஐந்துக்கு எப்படித் தாவுகிறது பாருங்கள். தண்ணீரைத் தள்ளுகிற வேலையே அப்படித்தான்: வேகம் இரண்டு மடங்கானால் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். கடைசி வேகத்தில் நீங்கள் முன்னால் போவது கொஞ்சம்தான், பேட்டரி இழப்பது நிறைய. நான்காவதிலேயே இருங்கள். ஐந்தாவதைக் காற்றுக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேகத்தில் 13 ஆம்பியர் ஏன் என்று கேட்கத் தோன்றும். ஐந்து வேக மோட்டார்களில் கீழ் வேகங்களுக்குக் கரண்ட்டைக் கம்பிச் சுருள் வழியாக விட்டுக் குறைக்கிறார்கள். அதில் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். பி.டபிள்யூ.எம். என்று சொல்லப்படுகிற, திருகி வேகம் கூட்டுகிற வகையில் இந்த வீண் குறைவு. மெதுவாகவே போகிறவர்களுக்கு அந்த வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

தூரத்துக்கு வருவோம். நின்ற தண்ணீரில் உங்கள் படகு மணிக்கு 4 கிலோமீட்டர் போகிறது என்று வையுங்கள். 4 கிலோமீட்டர் போய்த் திரும்பினால் இரண்டு மணி நேரம். இப்போது முகத்துவாரத்திலிருந்து ஏற்றமோ வற்றமோ மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால்? எதிர்த்துப் போகும்போது 2 கிலோமீட்டர் வேகம்தான் மிஞ்சும், அந்த வழிக்கே இரண்டு மணி நேரம். கூடவே வரும்போது 6 கிலோமீட்டர் வேகம், 40 நிமிஷம். மொத்தம் இரண்டு மணி நாற்பது நிமிஷம். போகும்போது இழப்பது வரும்போது சரியாகிவிடும் என்று நினைப்பார்கள், ஆகாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஓட்டம் இன்னும் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளமும் சேரும். அந்த நாட்களில் மின் மோட்டாரை நம்பி இறங்கவே வேண்டாம்.

அதனால் முதலில் ஓட்டத்தை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அதுவே கொண்டுவந்து விடட்டும். காற்றும் அப்படியே. நம் கரையில் வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் ஏறும். காலையில் முகத்துவாரம் வரை போய்விட்டு, மதியம் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு உள்ளே திரும்புவது நல்லது. மேற்கே உள்ளே போய்விட்டு சாயங்காலம் கிழக்கே வருவதென்றால் காற்று முகத்தில் அடிக்கும். எடுக்கலாம் என்று வைத்திருக்கும் சார்ஜில் மூன்றில் ஒரு பங்கு போனதும் படகைத் திருப்புங்கள். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் படகில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

*அண்ணே, லித்தியம் பேட்டரி போடலாமா? ஸ்கூட்டரில் தீப்பிடிக்கிற வீடியோவாக வருகிறது, வீட்டில் பயப்படுகிறார்கள்.*
— வாசகர், தேவனாம்பட்டினம்

போடலாம் தம்பி. ஆனால் லித்தியம் என்று மட்டும் கேட்டு வாங்காதே. எல்.எஃப்.பி. என்று கேள், லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஸ்கூட்டர்களில் என்.எம்.சி. என்கிற வேறு வகையும் வருகிறது, சூடேறினால் அதைவிட எல்.எஃப்.பி. நிறையத் தாங்கும். எதுவும் சாகாவரம் வாங்கி வந்ததில்லை. மட்டமாகக் கட்டினால், உப்புத் தண்ணீர் உள்ளே போனால் அதுவும் ஆபத்துதான்.

நான்கு செல், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், மொத்தம் 12.8. 100 ஏ.ஹெச். எல்.எஃப்.பி. பேட்டரி பெரும்பாலும் 10 முதல் 13 கிலோதான் இருக்கும், ஒரு கையில் தூக்கிக்கொண்டு மணலில் நடக்கலாம். அதில் 80 சதவீதம் தயங்காமல் எடுக்கலாம். வேகமாக எடுத்தாலும் ஈயம் மாதிரி சுருங்காது. 50 ஆம்பியரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், 20 ஆம்பியரில் நான்கு மணி நேரம். ஆக, 100 ஏ.ஹெச். லித்தியம், பாதி மட்டும் எடுக்கிற 150 ஏ.ஹெச். டியூபுலரைவிட அதிக நேரம் ஓட்டும். நல்ல செல் என்றால் 2000 தடவைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கலாம். விலை அதிகம்தான். வாரத்தில் நாலு நாள் தண்ணீரில் இருக்கிறவனுக்கு அது வரவு. மாசத்துக்கு ஒரு தடவை போகிறவன் ஈயத்திலேயே இருக்கலாம்.

வாங்குமுன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) எத்தனை ஆம்பியர் தொடர்ந்து விடும்? 50 ஆம்பியர் மோட்டாருக்கு 50 ஆம்பியர் பி.எம்.எஸ். போட்டால், தண்ணீர்ப் புல் சுற்றிப் பங்கா (தண்ணீரைத் தள்ளும் விசிறி) திணறும் நொடியில் அது வெட்டிவிடும். 100 ஆம்பியர் விடும் பேட்டரியாக வாங்கு.

இன்னொன்று, இதுதான் தண்ணீரில் முக்கியம். ஈய பேட்டரி மெல்ல மெல்லச் சோர்ந்து உனக்குச் சொல்லிவிட்டுப் படுக்கும். லித்தியம் கடைசிவரை அதே வேகத்தில் ஓடி, சட்டென்று நின்றுவிடும். வோல்ட் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. சார்ஜ் முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் 13ஐ ஒட்டியே காட்டும். ஷன்ட் (கரண்ட்டை அளக்க உதவும் பட்டை) வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்று போட்டுக்கொள். எத்தனை ஏ.ஹெச். போனது என்று எண்ணிக்கொண்டே வரும்.

சார்ஜரும் 14.6 வோல்ட்டில் நிற்கும் எல்.எஃப்.பி. சார்ஜராக இருக்கட்டும். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் செட்டிங்கில் மாட்டி சார்ஜ் ஏற்றாதே. பழைய ஸ்கூட்டர் செல்களைப் பொறுக்கி புதுப் பெட்டியில் அடைத்துப் பாதி விலைக்குக் கொடுப்பவர்களிடம் போகாதே தம்பி. நடு ஆற்றில் உன் உயிர் அந்தப் பெட்டியை நம்பி இருக்கிறது.

*பழைய கார் பேட்டரி சும்மா கிடக்கிறது. அதை மாட்டலாமா?*
— வாசகர், பண்ருட்டி

வேண்டாம். அது ஸ்டார்ட் செய்யும் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கச் செய்தது, தட்டு மெல்லிசு. மணிக்கணக்கில் எடுத்துக் காலி செய்தால் சில வாரங்களிலேயே சாகும். கார் பேட்டரி காரில் இருக்கட்டும்.

*இருக்கும் பேட்டரி பத்தவில்லை. இன்னொன்று புதிதாக வாங்கிப் பக்கத்தில் இணைத்தால் இரண்டு மடங்கு ஓடுமா?*
— வாசகர், பாகூர்

ஒரே கம்பெனி, ஒரே ஏ.ஹெச்., ஒரே சமயத்தில் வாங்கிய இரண்டு என்றால் இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேலேயே ஓடும். ஒவ்வொன்றும் பாதி ஆம்பியர்தானே கொடுக்கிறது. பழையதோடு புதியதைச் சேர்த்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பதில் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஒன்று தீர்ந்ததும் மற்றதற்கு மாற்றுங்கள். பாரலலில் இணைப்பதென்றால் மோட்டாரின் பாசிட்டிவை முதல் பேட்டரியிலும் நெகட்டிவை இரண்டாவதிலும் எடுங்கள், இரண்டும் சமமாக உழைக்கும்.

*முழு வேகத்தில் கேபிள் கை வைக்க முடியாமல் சுடுகிறது. வீட்டில் போடும் எம்.சி.பி.யைத்தான் வைத்திருக்கிறேன்.*
— வாசகர், கிள்ளை

உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

நீங்கள் போட்டிருப்பது 6 ஸ்கொயர் எம்.எம். ஒயர் என்று நினைக்கிறேன். பேட்டரி முன்னால், மோட்டார் பின்னால், மூன்று மீட்டர் தூரம் என்று வைத்தால் போக வர ஆறு மீட்டர். 50 ஆம்பியரில் அந்த ஒயரிலேயே 0.86 வோல்ட் தொலையும், அதாவது 43 வாட் வெறும் சூடு. 16 ஸ்கொயர் எம்.எம். தாமிரக் கேபிள் போட்டால் 0.32 வோல்ட்டோடு போகும். அலுமினியம் வேண்டாம். முடிந்தால் வெள்ளீயம் பூசிய தாமிரக் கேபிளாக வாங்குங்கள், உப்புக் காற்றில் உள்ளே கறுக்காது.

அப்புறம் லக், அதாவது டெர்மினலில் மாட்டக் கேபிள் நுனியில் போடும் உலோக முனை. பட்டறைக்கு வரும் சுடுகிற கேபிள்களில் பாதியில் கேபிள் நன்றாகவே இருக்கும், லக்தான் குற்றவாளி. கொறடால் நசுக்கி மேலே டேப் சுற்றியிருப்பார்கள். டேப்பைப் பிரித்தால் பச்சையாகப் பூத்துப்போய், இழைகள் பாதி அறுந்து, கையோடு வரும். கிரிம்பிங் டூலில் அழுத்தி, உள்ளே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் மாட்டி, டெர்மினலில் வாசலின் தடவுங்கள்.

வீட்டு எம்.சி.பி. ஏ.சி.க்குச் செய்தது. டி.சி.யில் சர்க்யூட் திறக்கும்போது எழும் தீப்பொறியை அணைக்க அதற்குத் திராணி போதாது. டி.சி. என்று குறித்த 60 ஆம்பியர் பிரேக்கரோ ஃபியூஸோ போடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டி வைத்தால், நடுவில் இருக்கும் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்ற ஒன்றுமில்லை. திறந்த ஆசிட் பேட்டரியைச் சார்ஜ் போடும்போது பெட்டி மூடியைத் திறந்து வையுங்கள். அதிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி, விளக்கு கூடாது.

கிள்ளை என்பதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் பக்கம் முழுக்க உப்புத் தண்ணீர். மோட்டார் நல்ல தண்ணீருக்கு மட்டும் செய்ததா, உப்புத் தண்ணீருக்கும் ஆகுமா என்று கையேட்டில் பாருங்கள். உப்புத் தண்ணீருக்கானதில் பங்காவுக்குப் பக்கத்தில் ஆனோடு என்கிற துத்தநாகத் துண்டு இருக்கும், அது கரைந்து மோட்டாரைக் காப்பாற்றும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிச்சாவரம் காப்புக்காடு என்பதால் கால்வாய்களுக்குள் போகுமுன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

*படகின் மேல் சோலார் பேனல் வைத்தால் சார்ஜ் போட வேண்டியதே இல்லையா?*
— வாசகி, தவளக்குப்பம்

100 வாட் பேனல் நல்ல வெயிலில் 12 வோல்ட் பேட்டரிக்கு 5 அல்லது 6 ஆம்பியர் கொடுக்கும். நாள் முழுக்கச் சேர்த்தால் சுமார் 30 ஏ.ஹெச். ஓடும்போது அது மோட்டாருக்குப் போதவே போதாது. வாரம் முழுக்கக் கரையில் நிற்கும் படகுக்கு அருமையான ஏற்பாடு. சார்ஜ் கன்ட்ரோலர் இல்லாமல் நேரடியாக மாட்டாதீர்கள் அம்மா.

*செத்த பேட்டரியை என்ன செய்வது?*
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், எடைக்குப் பணம் கழித்துக்கொள்வார்கள். பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பைத் தயாரிப்பவர்கள் மேல் வைத்து மத்திய அரசு 2022இல் விதிகளே கொண்டுவந்திருக்கிறது. ஆசிட்டை மட்டும் நீங்களே கவிழ்க்காதீர்கள். அதில் ஈயம் கலந்திருக்கிறது. உப்பனாற்றங்கரையில் ஊற்றினால் அந்தச் சேற்றில் நண்டு பிடிக்கும் பிள்ளைகளின் உடம்புக்குத்தான் அது போகும். கடைக்காரர் எடுக்க மாட்டேன் என்றால் முதுநகருக்குக் கொண்டு வாருங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.